கூலி: ஆளாக மாறிய சம்பளம்

ஜொகூர் பாருவில் ‘மவுண்ட் ஆஸ்டின்’ என்றால் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடைகளும் காப்பிக் கடைகளும் வார இறுதி நெரிசலும்தான். பாலம் தாண்டி சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். மரங்கள் போய் வீடுகள் வந்த பிறகும் பெயர் மட்டும் நிலத்தை விட்டுப் போகவில்லை. குளுவாங்கில் லம்பாக், மெங்கிபோல், கோத்தா திங்கிப் பக்கம் ரெம் என்று ஜொகூரின் பல தமிழ்ப்பள்ளிகள் இன்னமும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லோடுதான் தங்கள் பெயரைத் தொடங்குகின்றன. லாடாங் என்றால் தோட்டம்.

அந்தத் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய கடிதங்களையும் கணக்குகளையும் எடுத்தால், துரைக்குப் பெயர் இருக்கும். கணக்கு எழுதிய கிராணிக்குச் சில நேரம் பெயர் இருக்கும். மரம் சீவியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: கூலி. இத்தனை கூலிகள் வந்தார்கள், இத்தனை கூலிகள் காய்ச்சலில் படுத்தார்கள், இத்தனை கூலிகள் ஓடிப்போனார்கள்.

ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் சொல் அது. தமிழ் காதுக்கு அது அந்நியமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அது இருக்கும் பொருளில் தமிழன் அதை முதலில் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

தமிழில் கூலி என்பது அடிப்படையில் ஆள் இல்லை. வேலைக்குக் கொடுக்கப்படுவது. நாள் கூலி, அரைக் கூலி, குத்தகைக் கூலி, தையல் கூலி, வண்டிக் கூலி என்று நாம் சொல்லும்போது பணத்தையோ நெல்லையோதான் சொல்கிறோம். வேலை செய்கிறவர் கூலியாள், கூலிக்காரர். திருக்குறளின் 619ஆம் குறளில் இந்தச் சொல் வருகிறது. உடல் வருந்திய உழைப்பு அதற்கான பலனைத் தந்தே தீரும் என்ற பொருளில், தெய்வத்தால் ஆகாததற்கும் மேலாக நிறுத்தி, வள்ளுவர் இதைப் பயன்படுத்துகிறார். அங்கே கூலியில் இழிவின் சாயல் துளியும் இல்லை. உழைத்தவனுக்கு வந்து சேர வேண்டிய பாக்கி அது. அதைத் தர வேண்டியவன் எதிர்ப்பக்கம் நிற்கிறான்.

இந்தப் பாக்கியின் பெயர் எப்படி ஆளின் பெயரானது?

1886இல் லண்டனில் ஓர் அகராதி வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் பேச்சில் கலந்துவிட்ட கீழைநாட்டுச் சொற்களின் தொகுப்பு. அதன் பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. மொகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற கூவலை ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திரித்ததே அந்தப் பெயர். தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் வங்காளப் படையில் பொறியாளராக இருந்த ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் கோக் பர்னல். சென்னை மாகாணத்தில் அதிகாரி, தஞ்சாவூரில் நீதிபதி, தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். புத்தகம் அச்சேறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பர்னல் இறந்துவிட்டார்.

தஞ்சாவூரோடு இத்தனை தொடர்பிருந்தும் அந்த அகராதி முதல் மரியாதையைத் தமிழுக்குத் தரவில்லை. குஜராத், கொங்கணப் பகுதிகளில் வாழும் ‘கோலி’ என்ற சமூகத்தின் பெயரே மூலமாக இருக்க வேண்டும் என்று அது சாய்கிறது. போர்த்துகீசியர்களின் 16ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் பம்பாய்க் கரையோரத்து மீனவர்களான கோலிகள் வருகிறார்கள் என்பது ஓர் ஆதாரம். தமிழின் ‘கூலி’யையும் அது குறிப்பிடுகிறது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லையும் பக்கத்தில் வைக்கிறது. இந்தி, உருது பேசுகிறவர்கள் இதை ‘குலி’ என்று தொண்டையிலிருந்து உச்சரிப்பதற்கு இந்தத் துருக்கிச் சொல்லின் நிழல் காரணமாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

மூன்றில் எது என்ற வழக்கு இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே தாய்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேற்குக் கரையில் ‘கோலி’யைக் கேட்ட அதே போர்த்துகீசியனும் ஆங்கிலேயனும் சோழமண்டலக் கரையில் மூட்டை தூக்கியவர்கள் “கூலி, கூலி” என்று தங்கள் பணத்தைக் கேட்டதையும் கேட்டிருப்பார்கள். முதல் சொல் ஓர் இனத்தின் பெயர், இரண்டாவது ஒரு தொகையின் பெயர். துறைமுகத்து அவசரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று எண்ணுவதே பொருத்தமாகப் படுகிறது.

இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வாலண்டைன் டேனியலும் நெதர்லாந்து ஆய்வாளர் யான் பிரேமனும் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கூலி என்ற மனிதன் எப்படி உருவாக்கப்பட்டான் என்பதே அதன் பொருள். தமிழில் கொடுக்கப்படும் தொகையைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் வாங்குகிறவனையே விழுங்கிவிட்டது என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். ஆளுக்கு ஊர் உண்டு, சாதி உண்டு, குலதெய்வம் உண்டு, அறுவடைக்கு அறுவடை படியளக்க வேண்டிய மிராசுதார் என்று ஒருவரும் உண்டு. அவை எல்லாவற்றையும் உரித்துவிட்டு, இன்ன தொகைக்கு இன்ன வேலை என்ற கணக்கை மட்டும் மிச்சம் வைத்தால் கிடைப்பவன்தான் தோட்டத்துக் கூலி. சொல்லின் வரலாறு அந்த உரித்தலை அப்படியே காட்டுகிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அந்த உரித்தல் தொடங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் ஆட்களைத் திரட்டி வைக்கும் முகாம்கள் இருந்தன. தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கி, பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயர் தெரியாத பழைய குடும்பம் மலேசியாவில் குறைவு. 1910 வரை ஒப்பந்த முறை. அதற்குப் பிறகு பெரும்பாலும் கங்காணி முறை.

கங்காணி என்பதும் ஆங்கில அகராதிக்குள் நுழைந்த தமிழ்ச் சொல்தான். கண்ணும் காண்பதும் சேர்ந்தது. மேற்பார்ப்பவர் என்று பொருள். தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் உரிமம் வாங்கிக்கொண்டு தன் ஊருக்கே போய் உறவுக்காரர்களையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவார். அழைத்து வந்தவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை காசு என்று அவருக்குத் தனியே கிடைக்கும். ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நட்டம். மாமா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிடும் உறவுக்குள்ளேயே இந்தக் கணக்கு புகுந்துவிட்டது என்பது அந்த முறையின் கொடுமைகளில் ஒன்று.

ஜொகூருக்குள் இவர்கள் வந்த காலமும் சேர்ந்து பார்க்கத் தக்கது. அதற்கு முன் ஆற்றோரங்களில் சீனர்கள் மிளகும் காம்பியரும் பயிரிட்டு வந்தார்கள். காங்சூ என்ற அந்த ஏற்பாட்டின் தடயம்தான் ‘காங்கார்’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள். 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1920களில் சிங்கப்பூர்ப் பாலம் வந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரயில் ஓடிய வழியெல்லாம் ரப்பர் பரவியது. அந்த வழியெல்லாம் தமிழர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் எழுந்தன. ஜொகூர் பாரு உங்கு புவான் சாலையில் உள்ள ராஜமாரியம்மன் தேவஸ்தானமும் அந்தக் காலத்ததே.

தோட்டத்துக்குள் ஒரு தனித் தமிழ் வளர்ந்தது. லைன் வீடு லயமானது. ஆங்கிலத்தில் படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’, விடியுமுன் ஆள் எண்ணும் ‘பெரட்டு’ ஆனது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் போர்த்துகீசிய மொழியிலிருந்து மலாய் வழியாக வந்தவர். தோட்டத்துத் தமிழன் வெளியிலிருந்து வாங்கிய சொற்களை எல்லாம் தனக்கு வேண்டிய பொருளுக்கு வளைத்துக்கொண்டான். தன்னிடமிருந்து போன ஒரு சொல்லை மட்டும் அடுத்தவன் வளைத்த வடிவில் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

துரைமார்களும் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று பாடநூல்கள் வந்தன. இலங்கையில் 1915 வாக்கில் வெளியான ஒன்றுக்குத் தலைப்பே ‘கூலித் தமிழ்’ என்ற பொருளில் இருந்தது. மலையக எழுத்துகளை ஆராய்ந்த மு. நித்தியானந்தன் 2014இல் வெளியான தம் நூலுக்கு ‘கூலித்தமிழ்’ என்றே பெயர் வைத்தார். துரைமார் கற்ற தமிழில் வா, போ, எடு, வெட்டு, ஓடு என்ற ஏவல்கள் நிறைய உண்டு; ‘நீங்கள்’ அரிது. ஒரு மொழியைக் கற்கும்போதே அதன் மரியாதைப் பகுதியைத் தவிர்த்துவிட்டுக் கற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இலங்கை மலையகத்தில் இன்னொரு வழக்கும் உண்டு. அங்கே ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்கிறார்கள். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை. தோட்டக் கணக்கு ஆளைச் சம்பளமாக்கியது. தொழிலாளி சம்பளத்தைத் தன் பேராக்கிக்கொண்டான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மொழி தன் பங்குக்கு நியாயம் கேட்டது போலத்தான் இருக்கிறது.

மலாயாவில் அந்தப் பேருக்கு எவ்வளவு விழுந்தது? 1928இல் சில முக்கிய வட்டாரங்களுக்கு அரசு வகுத்த அளவு, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதாரம் விழுந்தது, ரப்பர் விலை விழுந்தது, அந்த அளவும் விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்திய அரசு அனுப்பிய வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1936இன் இறுதியில் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1938இல் மீண்டும் சம்பளம் குறைக்கப்பட்டபோது, அந்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதை வழிநடத்தியவர்களில் ஆர்.எச். நாதன் முக்கியமானவர். கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, அது எதிர்பார்க்கக்கூடியது. அதோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளமும் மரியாதையும் ஒரே தாளில். கூலி என்ற சொல்லின் இரண்டு பொருள்களையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட தாள் அது. தமிழ்ப் பொருளில் கூலியைக் கேட்டார்கள், ஆங்கிலப் பொருளில் கூலியாக இருக்க மறுத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளின் குறிப்புகளில் அவர்கள் இருந்த இடங்கள் ‘கூலி முகாம்’, ‘கூலி மருத்துவமனை’ என்றே வருகின்றன. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி இல்லை. ஜொகூர்க் குடும்பங்கள் பலவற்றில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொல்லப்படும் ஒரு தாத்தா உண்டு. போன ஆண்டு தெரியும், எங்கே புதைந்தார் என்பது தெரியாது. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இந்தச் சொல் போன தூரம் மலாயாவோடு நிற்கவில்லை. சீனத்தில் அது ‘கூலீ’ ஆகி, கசப்பையும் உடல்பலத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளால் எழுதப்பட்டது. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள், பொருளிலும் பொருந்திப்போயின. 1838இல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. 1862இல் அமெரிக்கா கூலி வணிகத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது. மொரீஷியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய படித்துறை கூலி காட் என்று அழைக்கப்பட்டது. இன்று அது ஆப்ரவாசி காட், 2006இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதே மொரீஷியஸின் கவிஞர் கால் தொராபுல்லி, அந்தச் சொல்லைத் தூக்கி எறியாமல், புலம்பெயர்ந்த உழைப்பாளர்களின் பொது நினைவுக்கே அதிலிருந்து ஒரு பெயர் படைத்தார்.

தென்னாப்பிரிக்காவில் அது இன்றும் கொடும் வசை. 1893இல் டர்பனில் இறங்கிய காந்தி அங்கே ‘கூலி பாரிஸ்டர்’. இந்திய வணிகர்கூடக் கூலி வணிகர்தான். காந்தி தம் சுயசரிதையில் இன்னொரு வசையையும் குறிப்பிடுகிறார்: ‘சாமி’. தமிழ்ப் பெயர்களின் முடிவில் வரும் சாமியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையர் எல்லாரையும் அப்படி அழைத்தார்கள். சாமர்த்தியமான சில இந்தியர்கள் மடக்குவார்களாம்: சாமி என்றால் எஜமான், நான் உங்களுக்கு எஜமான் இல்லையே என்று. சிலர் கூசிப்போவார்கள், சிலர் கோபத்தில் அடிக்கவும் வருவார்கள்.

கூலிக்கும் அப்படியொரு பதில் தமிழில் தயாராகவே இருந்தது. கூலி என்றால் நீ எனக்குத் தர வேண்டிய பணம். சத்தமாகக் கூப்பிடு, பாக்கி எவ்வளவு என்று ஊருக்கே தெரியட்டும். எத்தனை பேர் மனத்துக்குள் இதைச் சொல்லிக்கொண்டு பால் வாளியைத் தூக்கியிருப்பார்கள்!

மலாய் மொழிக்குள்ளும் இந்தச் சொல் ‘குலி’யாக நுழைந்து நிலைத்துவிட்டது. கடை ‘கெடாய்’ ஆனது, கப்பல் ‘காப்பால்’ ஆனது. இரண்டும் பொருள் மாறாமல் போய்ச் சேர்ந்தன. குலி மட்டும் ஆளாகப் போனது. சம்பளத்துக்கு மலாயில் ‘காஜி’ என்று வேறு சொல் இருந்ததால் அந்த இடம் காலியாக இல்லை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ‘டேவான் குலியா’ என்ற பலகையைப் பார்த்து முதலாண்டு மாணவர் யாராவது திகைத்தால், அஞ்ச வேண்டாம். குலியா என்பது விரிவுரை, அரபியிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வருத்தம் தருவது தமிழிலேயே நேர்ந்த மாற்றம். ஜொகூரில் தோட்டம் விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறிய தலைமுறை, ‘என் அப்பா கூலி’ என்று சொல்லக் கூசுகிறது. சண்டையில் ‘கூலிக்காரப் பய’ என்பது வசை. வெளியே போய் அழுக்காகித் திரும்பிய பொருளை நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். தமிழ்நாட்டில் இவ்வளவு கூச்சம் இல்லை. ரஜினிகாந்த் நடித்த படம் 2025 ஆகஸ்டில் ‘கூலி’ என்ற பெயரோடு கம்பீரமாக வெளிவந்தது. வடக்கே நிலைமை வேறு: 2016இல் இந்திய ரயில்வே, நிலையங்களில் சுமை தூக்குகிறவர்களை இனிக் கூலி என்று அழைக்க வேண்டாம், ‘சகாயக்’ என்று அழையுங்கள் என்று அறிவித்தது. பெயர் மாறியது நல்லதுதான். அதோடு அவர்களின் வருமானமும் மாறியிருந்தால் இன்னும் நல்லது.

ஏனென்றால் இந்தச் சொல்லின் நியாயமான பொருள் அதுவே. 1954இல் பி.பி. நாராயணன் போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது இந்தப் பொருளிலான கூலியைத்தான்: மழை பெய்தாலும், மரம் பால் தராவிட்டாலும், மாதத்துக்கு ஒரு நிச்சயமான தொகை. மலேசியாவில் சட்டபூர்வமான குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் வந்தது. தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி. 2022இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. அதற்குள் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகவோ வீடமைப்புத் திட்டமாகவோ மாறி, தமிழர்கள் வெளியேறி, அவர்கள் இடத்தில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேப்பாளியரும் வந்துவிட்டார்கள். நம் பாட்டன்களை அழைத்த அதே சொல்லால் இன்று சில தமிழ் வாய்கள் அந்த மனிதர்களை அழைப்பதைக் கேட்க நேர்கிறது. அது கூடவே கூடாது. எந்த மொழிக்காரர் செய்தாலும் தவறு. தமிழர் செய்தால் இரட்டைத் தவறு.

ஜொகூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், சங்க அட்டை, லயத்து வாசலில் எடுத்த புகைப்படம் ஏதாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆளின் முழுப்பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் நாள் கூலி எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துரையின் கணக்குப் புத்தகம் எழுதாமல் விட்ட பேரை எழுத நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.